ட்ரோன் காலத்தில் பழைய டாங்கிகளை நவீனப்படுத்துவது வீணா? எதை முதலில் மாற்ற வேண்டும்?

தஞ்சாவூரில் இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கும் எங்கள் தெருத் தம்பி ஒருவர், கல்லூரிக் கருத்தரங்குக்காக என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். சில நூறு டாலர் விலையுள்ள ட்ரோன் ஒன்று பல கோடி ரூபாய் மதிப்புள்ள டாங்கியை எரித்துவிடும் காலத்தில், நாற்பது ஆண்டு பழைய வடிவமைப்பில் உருவான டாங்கிகளையும் காலாட்படைக் கவச ஊர்திகளையும் நவீனப்படுத்துவது பயனுள்ள செலவுதானா, அப்படிச் செய்வதென்றால் எதை முதலில் செய்ய வேண்டும் என்பதே அந்தக் கேள்வி. தரைப்படையின் பழுதுபார்ப்புப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் இந்த வண்டிகளின் அடிவயிற்றில் படுத்து வேலை செய்துவிட்டு, இப்போது நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நவீனப்படுத்துவது பயனுள்ளது, ஆனால் பொதுவாக மக்கள் மனத்தில் இருக்கும் வரிசை தலைகீழானது. டாங்கி என்றதும் எல்லோரும் தடித்த கவசத்தையும் பெரிய பீரங்கியையும்தான் நினைக்கிறார்கள். என் வரிசையில் முதலிடம் மின்சாரத்துக்கு. அடுத்தது வண்டிக்குள் குண்டுகள் இருக்கும் இடம். அதற்கடுத்தது கூரையும், கூரைக்கு மேலே இருக்கும் வானமும். பார்வைக் கருவிகள் நான்காவது. கூடுதல் கவசத் தகடு கடைசியில்தான் வரும், அதுவும் எடைக் கணக்கு இடம் கொடுத்தால் மட்டுமே. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு முதலில் மண்ணைப் பற்றிப் பேச வேண்டும்.

தை மாதத்தில் சம்பா அறுவடைக்கு முன் மழை பிடித்துக்கொண்டால், நம் ஊரில் டயர் வைத்த அறுவடை வண்டியை யாரும் வயலுக்குள் விடுவதில்லை. வாடகை கூடுதலானாலும் செயின் வண்டிக்குத்தான் சொல்லி அனுப்புகிறோம். டயர் வண்டி தன் எடை முழுவதையும் நான்கு சிறு இடங்களில் ஊன்றி நிற்கிறது, செயின் வண்டி அதே எடையை இரண்டு நீண்ட பட்டைகளில் பரப்பிவிடுகிறது. டாங்கிக்கும் கணக்கு இதுதான். நம் படையில் அஜேயா என்ற பெயரில் இருக்கும் டி-72 வண்டியின் எடை 41.5 டன். அதன் தடம் 58 செ.மீ. அகலமுடையது, தரையில் படியும் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர். இரு பக்கத்தையும் சேர்த்துப் பெருக்கி வகுத்துப் பார்த்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.83 கிலோ என்று வரும். சாதாரணக் காரின் டயர் தரையை அழுத்துவது இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். இப்போது அதே வண்டியின் மேல் 5 டன் கவசத்தைக் கூடுதலாக ஏற்றுங்கள், அழுத்தம் 0.93 ஆகிவிடும். தாளில் பார்த்தால் இது சிறிய வேறுபாடாகத் தோன்றும். மேலே காய்ந்த தோலும் உள்ளே உளையுமாக இருக்கும் களிமண்ணில் கால் வைத்தவர்களுக்கு, அந்த வேறுபாடு வண்டி கரையேறுவதா, வயிறு தட்டி நிற்பதா என்பதைத் தீர்மானிக்கக்கூடியது என்று தெரியும்.

வரலாற்றில் இதற்குச் சான்று பஞ்சாபில் கிடக்கிறது. 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை கேம்கரண் அருகே அசல் உத்தார் என்ற இடத்தில் நடந்த போரில், அந்தக் காலத்தின் மிக நவீன வண்டிகளுள் ஒன்றான அமெரிக்கப் பேட்டன் டாங்கிகளுடன் பாகிஸ்தானின் 1-வது கவசப் படைப்பிரிவு முன்னேறி வந்தது. நம் பக்கத்தில் பெரும்பாலும் அவற்றைவிடப் பழைய ஷெர்மன்களும், ஓரளவு செஞ்சுரியன்களும் இருந்தன. நம் படையினர் குதிரை லாட வடிவில் பின்வாங்கி நின்று, இரவோடிரவாகக் கால்வாய்த் தண்ணீரைக் கரும்பு வயல்களில் பாய்ச்சினார்கள். மடையைத் திறந்துவிட்ட வயலில் மாட்டைக் கட்டி உழுதவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சேற்றில் வேகம் இழந்த வண்டிகளைக் கரும்புக்குள் ஒளிந்திருந்த நம் டாங்கிகளும், ஜீப்பில் ஏற்றிய 106 மி.மீ. பின்னுதைப்பில்லாப் பீரங்கிகளும் பக்கவாட்டிலிருந்து அடித்தன. அப்படியொரு ஜீப்பிலிருந்து பல டாங்கிகளை அழித்து, அங்கேயே உயிர்நீத்த அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. நூற்றை ஒட்டிய எண்ணிக்கையில் பாகிஸ்தான் அங்கே டாங்கிகளை இழந்தது. மலிவான ஆயுதம் விலையுயர்ந்த டாங்கியை வீழ்த்துவது ட்ரோனோடு தொடங்கிய கதை இல்லை என்பதையும் இதிலிருந்து கவனித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் டாங்கியின் காலம் முடிந்துவிட்டது என்று பலமுறை எழுதப்பட்டது. 1973 அக்டோபரில் சினாய் பாலைவனத்தில், காலாட்படையும் பீரங்கிப்படையும் துணைக்கு வராமல் பாய்ந்து சென்ற இஸ்ரேலிய டாங்கிகளை, எகிப்தியக் காலாட்கள் கையில் சுமந்து வந்த சோவியத் ஏவுகணைகள் குவியல் குவியலாக அழித்தன. அதற்கு விடையாக வந்ததுதான் வெடிவினைக் கவசம்: இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே வெடிமருந்தை வைத்த பெட்டிகளை வண்டியின் மேல் அடுக்குவது. ஏவுகணையின் முனையிலிருந்து நொடிக்கு எட்டு கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் பீறிடும் செப்புத் தாரை அந்தப் பெட்டியைத் தொட்டதும், உள்ளிருக்கும் மருந்து வெடித்துத் தகடுகளைக் குறுக்கே எறியும், தாரை சிதறி வலுவிழந்துவிடும். 1982 லெபனான் போரில் இஸ்ரேலிய வண்டிகள் இதை அணிந்து சென்றன. சில ஆண்டுகளுக்குள் சோவியத் வண்டிகளிலும் அது வந்துவிட்டது. ஆயுதமும் கவசமும் மாறி மாறி முந்திக்கொள்வது இப்படித்தான் நடந்து வருகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் வண்டியின் எடை சற்றுக் கூடியது, அந்தக் கூடுதலுக்குத்தான் இன்று விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அமெரிக்க ஏபிரம்ஸ் டாங்கி 1980-இல் வந்தபோது 54 டன் இருந்தது. நாற்பது ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்ததில் இன்றைய வகை 66 டன்னைத் தாண்டிவிட்டது. 2023 செப்டம்பரில் அமெரிக்கத் தரைப்படை, அடுத்துத் திட்டமிட்டிருந்த மேம்பாட்டைக் கைவிட்டு, எம்1இ3 என்ற இலகுவான புதிய வடிவத்துக்குப் போவதாக அறிவித்தது. இனியும் எடையைக் கூட்டாமல் இந்த வண்டிக்குப் புதிய திறன் எதையும் சேர்க்க முடியாது என்ற நிலைக்கு அவர்கள் வந்திருந்ததே காரணம். நம் அர்ஜுன் டாங்கியிலும் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். முதல் வகை 58.5 டன், 1,400 குதிரைத்திறன். டன்னுக்கு ஏறத்தாழ 24 குதிரைத்திறன். அடுத்து வந்த மார்க் 1ஏ வகையில் எத்தனையோ நல்ல மாற்றங்கள் உண்டு, 2021-இல் 118 வண்டிகளுக்கு ஆவடியில் ஆர்டர் கொடுக்கப்பட்டது. ஆனால் எடை 68 டன் ஆனது, இயந்திரம் அதே 1,400 குதிரைத்திறனில் நின்றது, விகிதம் 20.6-க்கு இறங்கியது. நான் அர்ஜுனை நேசிப்பவன், அந்த வண்டியின் நகர்வு அத்தனை சுகமானது. இருந்தாலும் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரியும் இடத்தில் வாழ்கிறவன் என்பதால், எந்த வண்டியைப் பார்த்தாலும் இது எத்தனை பாலங்களைத் தாண்டும் என்ற கேள்விதான் எனக்கு முதலில் எழுகிறது. பஞ்சாப் எல்லையிலும் இதே கேள்விதான். அங்கே கால்வாய்களும் தற்காப்புக்காக வெட்டிய வாய்க்கால் கரைகளும் வலையைப் போலப் பின்னிக் கிடக்கின்றன. 2025-இல் 47 பாலம் போடும் டி-72 வண்டிகளுக்கு அரசு ஒப்பந்தம் செய்தது இந்தத் தேவையை ஒட்டித்தான். கருத்தரங்கில் யாரும் கைதட்டாத செலவு இது, ஆனால் மற்ற எல்லா வண்டிகளும் இதன் முதுகில் ஏறித்தான் போக வேண்டும்.

இனி மின்சாரத்துக்கு வருகிறேன். கேள்வியின் உயிர்நாடி இங்கேதான் இருப்பதாக நான் நினைப்பதால் சற்று நிறுத்தி எழுதுகிறேன். டி-72 வடிவமைக்கப்பட்ட காலத்தில் அதற்குத் தேவைப்பட்ட மின்சாரம் குறைவு. இயந்திரத்தோடு இணைந்த மின்னாக்கி 10 கிலோவாட் தரும், அதுவும் இயந்திரம் நல்ல சுழற்சியில் ஓடினால்தான். நின்றுகொண்டிருக்கும்போது மின்கலங்களை நம்ப வேண்டும். நான்கு மின்கலங்களும் சேர்ந்து 24 வோல்ட்டில் 280 ஆம்பியர்-மணி, அதாவது ஏறத்தாழ 6.7 கிலோவாட்-மணி. இதில் பாதிக்கு மேல் இழுத்துவிட்டால் இயந்திரத்தை மறுபடி முடுக்குவது சந்தேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் இயந்திரத்தை அணைத்துவிட்டுப் பதுங்கிக் காவல் இருக்கும் வண்டியில், வெப்பப் படிமக் கருவி, வானொலி, சுழல் கோபுரத்தை நிலைப்படுத்தும் அமைப்பு, திரைகள் எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவாட் இழுத்தால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் இயந்திரத்தை ஓட்ட வேண்டும். இயந்திரம் ஓடினால் வெப்பமும் சத்தமும் எழும், மேலே வட்டமிடும் ட்ரோனின் வெப்பக் கண்ணில் அந்த வண்டி கார்த்திகை விளக்குப்போல் தெரியும்.

நான் பணியில் இருந்தபோது ராஜஸ்தானில் நடந்த ஒரு பயிற்சியில் இதை நேரில் கண்டேன். புதிதாகப் பொருத்திய இரவுநோக்கியும் கூடுதல் வானொலியும் கொண்ட வண்டிகளில் மூன்று, விடியற்காலையில் கிளம்ப மறுத்தன. கருவிகளில் குறையே இல்லை, அவை அருமையாக வேலை செய்தன. அவற்றை இணைத்தவர்கள் இராமுழுதும் அவை எவ்வளவு இழுக்கும் என்று கூட்டிப் பார்க்கவில்லை. அழுத்தக் காற்றுக் கலத்திலிருந்து காற்றைச் செலுத்தி இயந்திரத்தை முடுக்கும் மாற்று வழி அந்த வண்டியில் இருந்ததால் அன்று தப்பித்தோம். ஒரே மின்மாற்றியில் பம்புசெட்டுகளைக் கூட்டிக்கொண்டே போனால், கடைமடைக்காரர் மோட்டாரின் காயில் கருகுவதை நாம் ஒவ்வொரு குறுவையிலும் பார்க்கிறோம். அந்த வண்டிகளுக்கு நேர்ந்ததும் அதுதான்.

ஆகவே பழைய வண்டியை நவீனப்படுத்துவது என்றால், என் கருத்தில், முதல் வேலை துணை மின்னாக்கி ஒன்றைக் கவசத்துக்குள் பொருத்துவது, மின்கலங்களை லித்தியம் வகைக்கு மாற்றுவது, முப்பது நாற்பது ஆண்டுப் பழைய கம்பிச் சுருளைக் கழற்றி எறிந்துவிட்டு, கருவிகள் எல்லாம் ஒரே தரவுத்தடத்தில் பேசிக்கொள்ளும் புதிய இணைப்பை இடுவது. இதைச் செய்தால்தான் நாளைக்கு வரும் புதிய கருவியைப் பழையதைக் கழற்றாமல் சேர்க்க முடியும். எதிரியின் அலைவரிசையைக் குலைக்கும் ஜாமர், வருகிற ஏவுகணையைக் கண்டுபிடிக்கும் சிறு ராடார், சுற்றிலும் பார்க்கும் கேமராக்கள், உள்ளே இருப்பவர்களும் கருவிகளும் வெந்துபோகாமல் காக்கும் குளிரூட்டி ஆகிய எல்லாமே மின்சாரத்தைக் குடிப்பவை. தார் பாலைவனத்தில் கோடைக்காலத்தில் மூடிய டாங்கிக்குள் இருக்கும் வெப்பத்தில் மனிதர்களைப் போலவே மின்னணுக் கருவிகளும் தவிக்கின்றன, ஆகவே குளிரூட்டியை ஆடம்பரம் என்று தள்ளுவது பெருந்தவறு. மின்கலமும் டீசல் இயந்திரமும் சேர்ந்த கலப்பு இயக்கத்தைப் பற்றி உலகெங்கும் பேசுகிறார்கள். அதிலும் என்னை ஈர்ப்பது எரிபொருள் சேமிப்பைவிட, இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சத்தமின்றிப் பல மணி நேரம் காவல் இருக்கலாம், சிறிது தூரம் நகரவும் செய்யலாம் என்பதுதான்.

இரண்டாவதாகக் குண்டுகளின் இருப்பிடத்தைச் சொன்னேன். உக்ரைன் போர் தொடங்கிய 2022 முதல், டி-72 குடும்ப வண்டிகளின் சுழல் கோபுரம் பிய்த்துக்கொண்டு வானில் பறக்கும் படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். காரணம் இதுதான்: அந்த வண்டிகளில் ஆள் இல்லாமல் குண்டேற்றும் இயந்திரம் உண்டு. அதற்காக 22 குண்டுகளும் அவற்றின் மருந்துகளும் வீரர்களின் இருக்கைக்குக் கீழே ஒரு சுழல்தட்டில் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மீதிக் குண்டுகள் வண்டிக்குள் கிடைத்த இடங்களில் செருகப்பட்டிருக்கும். கவசத்தைத் துளைத்து வரும் தாரை இவற்றில் ஒன்றைத் தீண்டினால்கூடப் போதும், உள்ளே இருப்பவர்கள் இறங்க நேரமே கிடைக்காது. நம் டி-72, டி-90 வண்டிகளிலும் அமைப்பு இதேதான் என்பதால், இது எங்கோ நடக்கும் அயலார் துன்பம் என்று கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த இருக்கைகளில் உட்காரும் பிள்ளைகளுக்கு நான் தேநீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

ஏபிரம்ஸில் குண்டுகள் கோபுரத்தின் பின்புறத்தில் தனி அறையில், கதவுக்குப் பின்னால் இருக்கும். தீப்பற்றினால் மேற்பலகை பெயர்ந்து வெடிப்பு வானத்தை நோக்கிப் போய்விடும். அர்ஜுன் மார்க் 1ஏ-யில் ஒவ்வொரு குண்டும் தனித்தனி மூடியுள்ள கலத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. பழைய டி-72 வண்டியின் உடலமைப்பை இதற்காக அடியோடு மாற்ற முடியாது என்பது உண்மை. ஆனால் சுழல்தட்டுக்கு வெளியே செருகும் குண்டுகளை ஏற்றாமலே போவது, எளிதில் தீப்பிடிக்காத மருந்துக்கு மாறுவது, மில்லிநொடிகளில் தீயணைக்கும் அமைப்பைப் புதுப்பிப்பது, உட்சுவர்களில் சிதறலைத் தாங்கும் நார்விரிப்பு ஒட்டுவது ஆகியவை இயலக்கூடியவை. இவற்றுக்கு ஆகும் எடை சில நூறு கிலோதான். வண்டி போனால் இன்னொன்று செய்துகொள்ளலாம், பத்தாண்டு பழகிய சுடுநரையும் ஓட்டுநரையும் எந்தத் தொழிற்சாலையிலும் வார்த்தெடுக்க முடியாது.

மூன்றாவது, கூரை. டாங்கியின் கவசம் எல்லாத் திசையிலும் ஒரே தடிமனாக இருப்பதில்லை. எதிரியின் டாங்கி எதிரே நிற்கும் என்ற எண்ணத்தில் முன்பக்கத்துக்கே பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டுக் கூரையைச் சில சென்டிமீட்டர் தகட்டோடு விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு முன்வாசலில் தேக்குக் கதவு போட்டுவிட்டு, மேலே கீற்று வேய்ந்ததுபோல. மேலேறி இறங்கித் தாக்கும் ஜாவலின் போன்ற ஏவுகணைகளும், ஓட்டுபவரின் கண்ணாடியில் காட்சி தெரியும் சிறு ட்ரோன்களும் அந்தக் கீற்றைத்தான் தேடி வருகின்றன. 2020-இல் அர்மேனியாவுக்கும் அசர்பைஜானுக்கும் இடையே நாகோர்னோ-கராபக்கில் நடந்த 44 நாள் போரிலேயே இது தெளிவாகிவிட்டது. உக்ரைனில் இரு தரப்பும் கோபுரத்துக்கு மேல் கம்பிக்கூண்டு கட்டினார்கள். 2024-இல் ரஷ்யர்கள் முழு வண்டியையும் தகரக் கொட்டகைக்குள் புகுத்தி ஆமை போல ஓட்டினார்கள். பார்க்க அழகாக இல்லாவிட்டாலும், களத்திலிருக்கும் வெல்டர் தன் உயிரைக் காக்கக் கண்டுபிடித்த தீர்வை நான் மதிக்கிறேன். ஆனால் கோபுரம் சுழல முடியாமலும் சுடுநர் பார்க்க முடியாமலும் போகும் கூண்டு, டாங்கியை வெறும் இரும்புப் பெட்டியாக்கிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

வருகிற ஏவுகணையை வழியிலேயே சுட்டு வீழ்த்தும் பாதுகாப்பு அமைப்பு புதியதல்ல. 1980-களிலேயே சோவியத் ஒன்றியம் சில டி-55 வண்டிகளில் ட்ரோஸ்து என்ற அமைப்பைப் பொருத்தியது. இஸ்ரேலின் டிராஃபி 2011 மார்ச்சில் காசா எல்லையில் முதன்முறையாக உண்மையான தாக்குதலை முறியடித்தது. இவை பக்கவாட்டில் வரும் ராக்கெட்டுகளுக்கென வடிவமைக்கப்பட்டவை, தலைக்கு நேர் மேலிருந்து மெதுவாக இறங்கும் ட்ரோனை எதிர்கொள்ள இவற்றின் ராடாரும் கணினியும் திருத்தப்பட வேண்டும். ஜாமரும் முழு விடை ஆகாது, ஏனென்றால் மெல்லிய கண்ணாடி இழையை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோனிடம் குலைப்பதற்கு அலைவரிசை என்று ஒன்றும் இல்லை. ஆகவே எளிய ஒரு வழியை நான் வலியுறுத்துவேன்: கோபுரத்தின் மேல், உள்ளிருந்தே இயக்கும் துப்பாக்கி, அதற்குத் தானாக இலக்கைப் பின்தொடரும் கண். இன்றைக்குப் பல வண்டிகளில் விமான எதிர்ப்புத் துப்பாக்கியைச் சுடத் தளபதி மூடியைத் திறந்து மார்பளவு வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. தொலைவிலிருந்து இயக்கும் 12.7 மி.மீ. துப்பாக்கியை நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை கடற்படைக்காகவும் கடலோரக் காவல்படைக்காகவும் ஏற்கெனவே செய்கிறது. அலையில் ஆடும் படகிலிருந்து குறிவைக்கும் அமைப்பை, மேட்டுப்பள்ளத்தில் ஆடும் வண்டிக்கு ஏற்றபடி மாற்றுவது எட்டாத வேலை இல்லை. டாங்கியின் கவசத்தைத் துளைக்கும் டங்ஸ்டன் அம்புகளுக்கான உலோகக் கலவையும் திருச்சியில்தான் உருவாகிறது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் தடத்தின் ஐந்து மையங்களுள் ஒன்றாகவும் திருச்சி இருக்கிறது. வேலை தேடும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தம்பி.

பார்வைக் கருவிகளில் நம் நாடு சரியான திசையில்தான் போகிறது. 2022-இல் 957 டி-90 வண்டிகளில் தளபதியின் பழைய இரவுநோக்கியை எடுத்துவிட்டு வெப்பப் படிமக் கருவி பொருத்த ஒப்பந்தம் ஆனது. 2024 மார்ச்சில் 693 பிஎம்பி-2 காலாட்படை ஊர்திகளின் ஆயுத அமைப்பை மேம்படுத்தவும் கையெழுத்தானது. 2025-இல் டி-72 வண்டிகளின் 780 குதிரைத்திறன் இயந்திரத்துக்குப் பதிலாக 1,000 குதிரைத்திறன் இயந்திரம் வாங்கும் முடிவும் எடுக்கப்பட்டது. இது டன்னுக்கு 19 என்ற அளவை 24-ஐ ஒட்டி உயர்த்தும், அதனால் நான் மேலே சொன்ன சுமைகளை ஏற்றவும் இடம் கிடைக்கும். இந்த மூன்றில் எனக்கு மிகுந்த நிறைவு தருவது இயந்திரம்தான்.

பிஎம்பி-2 பற்றித் தனியாக ஒரு சொல். காலாட்படையைக் கவசத்துக்குள் ஏற்றிச் செல்லும் இந்திய முறைக்கு வடிவம் தந்தவர் செங்கல்பட்டில் பிறந்த தளபதி சுந்தர்ஜி. 1979-இல் உருவான இயந்திரமயக் காலாட்படை ரெஜிமென்ட் அவருடைய சிந்தனையின் விளைவு. அந்தப் படையின் வண்டியான பிஎம்பி-2, 14 டன் எடையோடு நீந்தவும் வல்லது. அதன் பக்கவாட்டுக் கவசம் மெல்லியது என்பதால் தகடு கூட்ட வேண்டும் என்ற குரல் எப்போதும் எழும். தகடு கூட்டினால் அது நீந்தாது. எது வேண்டும் என்பதற்கு எல்லா இடத்துக்கும் பொதுவான விடை கிடையாது. 1971 நவம்பரில் கிழக்கு வங்காளத்தின் கரீப்பூரில், நம் டெல்டாவைப் போலவே ஆறும் சேறுமான மண்ணில், 14 டன் எடையுள்ள நீந்தும் பிடி-76 டாங்கிகள் தம்மைவிடக் கனமான பாகிஸ்தானின் சாஃபி டாங்கிகளை முறியடித்தன. பாலைவனத்தில் அந்த மெல்லிய தோல் ஒரு நாள் தாங்காது. ஆகவே எல்லா வண்டிகளுக்கும் ஒரே மேம்பாட்டைச் செய்யாமல், ஆற்றுப் பகுதிப் படைக்கு நீந்தும் வகையையும் பாலைவனப் படைக்குக் கவசம் கூடிய வகையையும் பிரித்து வைப்பதே அறிவுடைமை. மலைக்கும் தனிக் கணக்கு உண்டு. 4,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 2020-இல் லடாக்குக்கு டி-72, டி-90 வண்டிகளை ஏற்றிச் சென்றபோது கற்ற பாடத்திலிருந்து பிறந்ததே 25 டன் எடையுள்ள ஜோராவர் என்ற இலகு டாங்கி. 2024 ஜூலையில் குஜராத்தின் ஹசீராவில் அது வெளியே காட்டப்பட்டது.

ஆளில்லாத டாங்கிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கண்ணிவெடி அகற்றவும், முன்னே போய் உளவு பார்க்கவும், குண்டு சுமக்கவும் அவை வரும், வர வேண்டும். ஆனால் தடம் கழன்ற வண்டியைச் சேற்றில் இறங்கி மாட்டுவதற்கு இன்னமும் நான்கு மனிதர்கள் வேண்டியிருக்கிறது. அதைச் செய்து பார்க்காதவர்கள்தான் மனிதரை முழுவதுமாக எடுத்துவிடலாம் என்று சொல்கிறார்கள்.

இது என்னைப் பழுதுபார்ப்புக்குக் கொண்டுவருகிறது. அறுவடை உச்சத்தில் செயின் வண்டியின் ஒரு உருளை உடைந்து, சேலத்திலிருந்தோ ஆத்தூரிலிருந்தோ பாகம் வரும்வரை விளைந்த நெல் சாய்ந்து கிடப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் ஒரே ஒரு மின்னணுப் பலகைக்காக மாதக்கணக்கில் நிற்கும் டாங்கியும் அதே நிலையில்தான் இருக்கிறது. மேம்பாட்டு ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும், அந்தக் கருவியைக் களத்திலேயே கழற்றி மாற்ற எத்தனை நிமிடம் ஆகும், மாற்றும் பாகம் நாட்டுக்குள் செய்யப்படுகிறதா, அதைச் செய்யும் நாயக் நிலைப் படைவீரருக்குப் பயிற்சி உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை இருக்க வேண்டும். 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற, 1,770 வண்டிகளுக்கான எதிர்கால டாங்கித் திட்டம் படைக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை எல்லையில் நிற்கப்போவது இந்தப் பழைய வண்டிகள்தான் என்பதால், நவீனப்படுத்துவது தேவையா என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கருத்தரங்குக் கட்டுரைக்கு ஒரு யோசனை. டி-72 வண்டியை எடுத்துக்கொண்டு ஓர் அட்டவணையில் இரண்டு பத்திகள் போடுங்கள். ஒன்றில் சேர்க்க விரும்பும் ஒவ்வொரு கருவியின் எடையையும், மற்றொன்றில் அது இழுக்கும் வாட் அளவையும் எழுதுங்கள். எடைப் பத்தியின் கூட்டுத்தொகை 3 டன்னைத் தாண்டினால் எதை நீக்குவீர்கள் என்று காரணத்தோடு எழுதுங்கள். மண் அழுத்தம் பற்றிய பகுதிக்கு, தை பிறந்ததும் எங்கள் வயலுக்குச் செயின் வண்டி வரும்போது ஓர் அளவுகோலோடு வாருங்கள். தானியத் தொட்டி காலியாக இருக்கும்போது தடம் எத்தனை சென்டிமீட்டர் பதிகிறது, நிரம்பியபின் எத்தனை பதிகிறது என்று இருவருமாக அளந்து பார்ப்போம்.